ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று

பொன்மலை,
திருச்சி.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உன் தங்கச்சி பேத்தியை விட்டு ஒரு அடி நகர்வதில்லை. மழை நன்றாகப் பெய்து ஏலக்காய் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், படிக்கவே சந்தோஷமாக இருந்தது. போன வருஷம் வெயிலில் செடி காய்ந்து நீ பட்ட பாட்டுக்கு இந்த வருஷமாவது ஈடு கட்டட்டும்.

அப்புறம், புல்லட் சமாசாரம். “இனி இதை வச்சு மல்லுக்கட்ட முடியாது, யாருக்காவது கொடுத்துடலாம்னு இருக்கேன்” என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. உங்க அப்பா ஓட்டிய வண்டி அது. திருவொற்றியூரில் செய்த பழைய 350, பாயின்ட் (கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த வார்ப்பிரும்பு எஞ்சின். கொடுக்காதே. மெக்கானிக் ப்ளக் மாற்றி, ப்ளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டியும் சில நாளில் மறுபடி நிற்கிறது என்றால் வண்டி தீர்ந்துபோய்விட்டது என்று அர்த்தமில்லை. நிற்கும் நேரத்தில் அதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு வேண்டிய விஷயமெல்லாம் அதிலேயே இருக்கிறது. தோட்டத்துக்குப் போக போடிமெட்டு ஏறும்போது வளைவுகளில் சில நாள் திடீரென்று அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் ஒரே கிக்கில் எழுந்துவிடுகிறது. இது ஒன்று. திரும்பி வரும்போது, மலையெல்லாம் ஒழுங்காக இறங்கி, அடிவாரத்து முந்தல் தாண்டிச் சமதரையில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இருமி இருமி நிற்கிறது. அங்கேயும் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகிறது. இது இன்னொன்று. நீ இரண்டையும் ஒரே கோளாறு என்று எழுதியிருக்கிறாய். என் கணக்குப்படி இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். காத்திருந்தால் இரண்டுமே சரியாகிவிடுவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. மெக்கானிக் ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் மற்றது உன்னை நிறுத்திவிடுகிறது, “ஒன்றும் சரியாகவில்லை” என்று நீ நினைத்துக்கொள்கிறாய்.

இறங்கும்போது வருவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் சுலபம். பெட்ரோல் திருட்டுப் போகிறது என்று சாவி வைத்த புது டேங்க் மூடி வாங்கிப் போட்டதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். தோட்டத்தில் கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றிவிட்டுக் கீழே இறங்குவதாகவும் எழுதியிருக்கிறாய். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு மூடியில் சின்னதாக ஒரு துளை உண்டு. அது அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்து வைக்கும். உன் வண்டியில் பம்ப் கிடையாது. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் இருக்கும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம்தான் பெட்ரோலைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளு வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். அதற்குமேல் உள்ளே அழுத்தம் குறைந்தால் ஓட்டம் நின்றுவிடும்.

இப்போது மலையைச் சேர்த்துப் பார். போடியிலிருந்து போடிமெட்டு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். மேலே குடித்துவிட்டு இறுக்கி மூடிய தண்ணீர் பாட்டில் முந்தல் வரும்போது ஒட்டிப்போய்க் கிடக்குமே, அதே கதைதான் உன் டேங்குக்குள்ளும் நடக்கிறது. மேலே திறந்து மூடிய டேங்க், மலைக்காற்றை உள்ளே வைத்துக்கொண்டு கீழே வருகிறது. இறங்கும் வழியெல்லாம் ஆக்ஸிலேட்டர் மூடியே இருப்பதால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் தேவையில்லை, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதே போதும். சமதரைக்கு வந்து நீ திருகியதும் கிண்ணம் காலியாகிறது, மேலிருந்து வருவதில்லை. நீ டீ குடிக்கும் நேரத்தில் எங்காவது ஒரு இடுக்கு வழியாகக் காற்று மெதுவாக உள்ளே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அதே மூடி ஏறும்போது உன்னை நிறுத்தாது. அப்போது கீழ்க்காற்று டேங்குக்குள் அடைபட்டு, வெளியே காற்று மெலிகிறது. உள்ளே இருப்பது பெட்ரோலை இன்னும் வேகமாகத்தான் தள்ளும். மேலே போய்ச் சேரும்போது பெட்ரோல் வாசனை வருகிறது, கார்புரேட்டர் அடியில் ஈரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், பார். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் மிதவை ஊசியால் அந்தத் தள்ளைத் தாங்க முடியவில்லை. இந்த வாசனை ஒன்றே என் சந்தேகத்தைப் பாதிக்கு மேல் தீர்த்துவிட்டது.

அடுத்த தடவை முந்தலில் நின்றால் டீக்கடைக்குப் போகாதே. வண்டியை விட்டு இறங்கியதும் டேங்க் மூடியைத் திற. காதை அருகில் வை. ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் விஷயம் முடிந்தது. ஒரு நிமிஷம் கிண்ணம் நிறைய விட்டுக் கிக் அடி, எழுந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பழைய மூடியையே போடு. புது மூடிதான் வேண்டும் என்றால் அதைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார். சில மூடிகளில் துளை இருக்கும், உள்ளே ரப்பர் வாஷர் அதை மூடிக்கொண்டிருக்கும். பெரிதாக ஓட்டை போட்டுவிடாதே, மழைத் தண்ணீர் டேங்குக்குள் போகும்.

‘உஸ்’ சத்தம் வரவில்லை என்றால் கார்புரேட்டரில் மாட்டியிருக்கும் பெட்ரோல் டியூபைக் கழற்றி, ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு டேப்பைத் திற. முதலில் வேகமாக வந்து பிறகு நூலாக மெலிந்தால் டேப்புக்கு மேலே இருக்கும் வலையில் துரு அடைத்திருக்கிறது. அந்த பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்து அடியைப் பார். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். மழைக்காலத்தில் கேனில் வைத்து ஊற்றுகிறவன் நீ, அதனால் சொல்கிறேன். பாட்டிலில் இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்கை முழுக்க வடித்துவிடு. அந்த ரப்பர் டியூபும் அப்பா காலத்ததுதானே? விரலால் அழுத்திப் பார். கெட்டியாகவோ ஊறிக் கொழகொழவென்றோ இருந்தால் மாற்று, பெரிய செலவில்லை.

சரி, ஏறும்போது நிற்பதற்கு வருகிறேன். இதுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும்.

“லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, அதனால கரண்ட் பிரச்சினை இல்லைன்னு மெக்கானிக் சொன்னார்” என்று எழுதியிருக்கிறாய். விளக்கு எரிந்தால் பாட்டரி இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். காயில் வரை கரண்ட் போகிறது, பாயின்ட் சரியாகத் திறந்து மூடுகிறது, ப்ளக் முனையில் பொறி விழுகிறது என்பதற்கெல்லாம் அது சாட்சி ஆகாது. நின்ற முதல் இரண்டு நிமிஷத்தில், எஞ்சின் சூடாக இருக்கும்போதே நீ பார்க்க வேண்டும். சூட்டில் வரும் கோளாறு ஆறினால் மறைந்துவிடும். அரை மணி நேரம் கழித்து எதைச் சோதித்தாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மெக்கானிக் கடை வாசலிலும் அதனால்தான் உன் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கிறது.

உன் கையில் பெரிய கருவி ஒன்று இருக்கிறது. ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரைச் சொல்கிறேன். உங்க அப்பா கிக் அடிப்பதற்கு முன்னால் அதைப் பார்த்தபடியே காலை மெதுவாக அழுத்துவாரே, ஞாபகம் இருக்கா? அதையே செய். விளக்கெல்லாம் அணைத்துச் சாவியைப் போடு. சிலிண்டர் அழுத்தத்தை விடும் டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக, மிக மெதுவாக அழுத்து. பாயின்ட் மூடியிருக்கும்போது முள் இடது பக்கம் சாயும், திறக்கும் இடத்தில் நடுவுக்கு வரும், மறுபடி சாயும்.

முள் சாய்வதும் திரும்புவதுமாக இருந்தால் காயிலின் முதல் சுற்று, பாயின்ட், சாவி, ஃப்யூஸ் எல்லாம் வேலை செய்கின்றன. ப்ளக்கில் பொறி இல்லையென்றால் கோளாறு காயிலின் உள்சுற்றிலோ ப்ளக் கேப்பிலோ ப்ளக்கிலோ இருக்கும், இல்லாவிட்டால் பாயின்டோடு இணைந்து முனை கருகாமல் காக்கும் கன்டென்சர் உள்ளே துண்டாகியிருக்கும். முள் நடுவிலேயே செத்துக் கிடந்தால் கரண்ட் காயிலுக்கே வரவில்லை, அல்லது பாயின்ட் முனைகள் கருகி ஒட்டவில்லை. இடது பக்கமே சாய்ந்து நின்று திரும்பவே இல்லை என்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது கன்டென்சர் ஷார்ட், அல்லது பாயின்டுக்குப் போகும் வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. ஒரு முள்ளை வைத்து இவ்வளவு சொல்லலாம், வேறு எந்த வண்டியிலும் எனக்கு இந்த வசதி கிடைத்ததில்லை.

அடுத்து ப்ளக்கைக் கழற்று. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, கரண்ட் வரவில்லை. உலர்ந்து சூடாக இருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஆனால் இருபது கிக் அடித்துவிட்டுக் கழற்றினால் எல்லா ப்ளக்கும் நனைந்துதான் இருக்கும், அதற்கு மதிப்பில்லை. இரண்டு மூன்று கிக்கோடு நிறுத்திவிட்டுப் பார். பிறகு பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, ப்ளக்கைக் கேப்பில் மாட்டி, எஞ்சின் ஹெட்டில் உடம்பு தொடும்படி வைத்துக் கிக் அடி. ப்ளக் ஓட்டைக்கு அருகில் வைக்காதே, அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி பிடித்துக்கொள்ளும். நீலமாகப் ‘பட்’ என்று அடித்தால் சரி. மஞ்சளாக, சோர்வாக விழுந்தால் அதை நம்பாதே. வெளிக்காற்றில் பொறி சுலபமாகத் தாண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் பல மடங்கு, அங்கே இந்தச் சோர்ந்த பொறியால் தாண்ட முடியாது. வெளியே பொறி தெரிந்ததும் “கரண்ட் ஓகே” என்று சொல்லிவிடுகிறவர்கள் பலர்.

உன் வண்டியில் என் முதல் சந்தேகம் அந்தப் புதுக் காயில் மேல்தான். “காயில் மாத்தினதுக்கு அப்புறம் ஆம்பியர் முள் முன்னைவிட அதிகமாச் சாயுது” என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். மெக்கானிக் கையில் கிடைத்த கார் காயிலைப் போட்டிருப்பாரோ என்று தோன்றுகிறது. பாயின்ட் வண்டிக்கான 12 வோல்ட் காயிலின் முதல் சுற்று 3 முதல் 4 ஓம் இருக்கும், அதில் 3, 4 ஆம்பியர் ஓடும். சில கார் காயில்கள் ஒன்றரை ஓம்தான், ஏனென்றால் காரில் அதற்கு முன்னால் தனியாக ஒரு ரெசிஸ்டர் மாட்டியிருப்பார்கள். ரெசிஸ்டர் இல்லாமல் உன் வண்டியில் மாட்டினால் 8 ஆம்பியர் ஓடும். காயில் கொதிக்கும், பாயின்ட் முனை கருகும், பாட்டரியும் வடியும். மலை ஏற்றத்தில் எஞ்சின் சூடும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கு. காயிலின் இரண்டு சின்ன வயர்களையும் கழற்றிவிட்டு அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓம் அள. மீட்டர் முனைகள் இரண்டையும் சேர்த்து வைத்தால் எவ்வளவு காட்டுகிறதோ அதைக் கழித்துக்கொள். பிறகு உன் மகளிடம் தலை உலர்த்தும் டிரையர் இருந்தால் அதை வாங்கிக் காயிலைச் சூடாக்கியபடியே அள. செம்புக்கு ஒரு டிகிரிக்கு நூற்றில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக ஓம் ஏறும், அதனால் 3.5 இருந்தது 4.2 ஆனால் பயப்படாதே. திடீரென்று எண்ணே இல்லாமல் போனால் உள்ளே கம்பி விட்டுவிட்டு ஒட்டுகிறது. அந்தக் காயிலை அன்றே மாற்று.

காயில் சரி என்றால் பாயின்டைத் திறந்து பார். மூடியைக் கழற்றினால் முனைகள் தெரியும். ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் விழுந்து கருப்பாக இருந்தால் கன்டென்சரைச் சந்தேகப்படு. முனைகள் சமமாகச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்து அள. பாயின்டைத் தள்ளும் ஃபைபர் துண்டு தேயத் தேய இடைவெளி சுருங்கும். சுருங்கினால் முதலில் இழுவை குறையும், அப்புறம் சூட்டில் திறக்கவே திறக்காது. சுழன்று அந்தத் துண்டைத் தள்ளும் கேம் மேல் துளி கிரீஸ் போட மறந்தால் இந்தத் துண்டு சீக்கிரமே தேயும். துளிதான், அதிகமானால் முனையில் தெறித்து அதுவே கோளாறாகும். கன்டென்சர் விலை குறைவு, அதனால் காயிலோடு அதையும் மாற்றிவிடு. ஆனால் பழையதைத் தூக்கி எறியாதே. புதிதாக வருவதிலும் சொத்தை இருக்கிறது, மாற்றிப் போட்டுப் பார்க்க ஒன்று கையில் வேண்டும்.

வயர் இணைப்புகளையும் விட்டுவிடாதே. எங்கள் தெருவில் ஒரு டீச்சர், ஸ்கூட்டரில்தான் பள்ளிக்கூடம் போவார். போன மாசம் காலையில் செல்ஃப் அடித்தால் ‘டிக்’ சத்தம் மட்டும், மாலையில் ஒழுங்காக ஸ்டார்ட். பாட்டரி போய்விட்டது என்று சொல்லி அவருக்குப் புதுப் பாட்டரி விற்றுவிட்டார்கள், அதிலும் அதே ‘டிக்’. நான் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் ஈயக் குமிழ் மேலும், இன்னொரு முனையை அதிலேயே மாட்டியிருந்த வயரின் லக் (முனை வளையம்) மேலும் வைத்து, அவரைச் செல்ஃப் அழுத்தச் சொன்னேன். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நட்டு போட்டு இறுக்கிய இடம். அங்கே மீட்டர் ஒன்றுமே காட்டக் கூடாது. 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கழற்றினால் லக்கின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாஸ்லின் தடவி இறுக்கியதோடு சரியாகிவிட்டது.

உன் புல்லட்டிலும் இப்படிச் சோதிக்க வேண்டிய இடங்கள் உண்டு. பாட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே, சாவி போட்டுப் பாயின்ட் மூடிய நிலையில் அள. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. பாட்டரி பாசிட்டிவிலிருந்து காயில் வரை அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் நடுவில் ஃப்யூஸ் பிடிப்பான், சாவி சுவிட்ச், ஆம்பியர் மீட்டரின் பின்பக்க நட்டுகள், இவற்றில் ஒன்று. அந்த நட்டுகளை முக்கியமாகப் பார், வண்டியின் கரண்ட் பெரும்பாலும் அது வழியாகத்தான் போகிறது. ஹேண்டில் கழுத்தில் வளையும் வயர்களையும் பார். மேலே தோல் முழுசாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்கத் திருப்பு. மிஸ் அடித்தால் இடம் தெரிந்துவிட்டது. போடிமெட்டில் வளைவுக்கு வளைவு ஹேண்டில் திரும்புகிறதே, அதையும் நான் விட்டுவிடவில்லை.

வழியில் நின்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஒரு முழம் வயர் பையில் வைத்துக்கொள், நடுவில் ஒரு ஃப்யூஸ் கோத்து. பாட்டரி பாசிட்டிவிலிருந்து காயிலின் பாசிட்டிவுக்கு நேராகக் கொடு. அதில் எழுந்தால் கோளாறு காயிலுக்கு முன்னால், சாவி ஃப்யூஸ் வழியில். எழாவிட்டால் காயிலிலோ அதற்கப்புறமோ. வண்டியை அணைக்க அந்த வயரைக் கழற்ற வேண்டும், சாவிக்குக் கேட்காது. நின்ற வண்டியில் மாட்டியபடியே விட்டுவிட்டால் காயில் வெந்துவிடும்.

எல்லாம் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை, சூட்டில் கிக்கர் மட்டும் லேசாக இறங்குகிறது என்றால் டேப்பட்டை, அதாவது வால்வு இடைவெளியைப் பார். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வும் மூடிய நிலையில், வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ்ராடை விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். இறுகியிருந்தால் சூட்டில் வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரஷன் போய்விடும். உன் வண்டியில் இது இருக்காது என்றுதான் நினைக்கிறேன், நீ எழுதியதில் அதற்கு அறிகுறி இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதே. முதலில் பழைய மூடியைப் போட்டு ஒரு தடவை தோட்டத்துக்குப் போய் வா. இறங்கும்போது நிற்பது நின்றுவிட்டதா என்று பார். அதற்கப்புறம் காயில். அதற்கப்புறம்தான் பாயின்டும் கன்டென்சரும். ஒவ்வொன்றையும் மாற்றிய தேதியை டேங்க் பையில் ஒரு சின்ன நோட்டில் எழுதி வை. நின்ற இடம், ஏற்றமா இறக்கமா, முள் எப்படி இருந்தது, ப்ளக் நனைந்ததா உலர்ந்ததா, எல்லாம் எழுது. மெக்கானிக்கிடம் போனால் அந்த நோட்டைக் காட்டு. அவர் கைத்தொழில் தெரிந்தவர்தான், ஆனால் அவர் கடை வாசலில் மலை இல்லையே.

தை பிறந்ததும் நானும் உன் தங்கச்சியும் போடிக்கு வருவதாக இருக்கிறோம். பெரியவள் மாமியார் வீட்டுக்குப் போன பிறகு தேதி எழுதுகிறேன். எர்த் வயரும் ஃபீலர் கேஜும் நானே கொண்டுவருகிறேன், நீ வாங்காதே. பாட்டரி மட்டும் அதற்குள் சார்ஜ் போட்டு வை, ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அக்காவின் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்.

காயிலின் ஓம் எவ்வளவு என்று அளந்தவுடன் ஒரு வரி எழுது. ஒன்றரைக்குப் பக்கத்தில் வந்தால் நான் இங்கேயே சரியான காயில் வாங்கிப் பார்சலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே